பெரோன் வீட்டுக் கைதி

பிரெஞ்சு நாட்டு லெ போர்த்தெல் கரையில் பெரோனைப் பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் அவள் வாயைப் பற்றித்தான் சொல்வார்கள். வாய் நீளம் என்றால் சாதாரண நீளம் இல்லை. பூலோன் சந்தையில் அவள் மீன் விலை கூவ ஆரம்பித்தால் பக்கத்துக் கடைக்காரி தன் விலையை மறந்துவிடுவாள். ஞானஸ்நானத் தண்ணீர் தலையில் விழுந்ததும் அவள் போட்ட கூச்சலில் பாதிரியார் ஜெபத்தைப் பாதியில் விட்டுவிட்டாராம். அதனால்தான் தனக்குப் பாதி புத்தியும் முழு வாயும் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

அவள் கணவன் வுல்மேர் நேர்மாறு. கரையில் அவன் வாயைத் திறந்து பார்த்தவர்கள் குறைவு. அந்தக் கரையின் வழக்கமே அப்படித்தான். படகு தண்ணீரில் இருக்கும்வரை ஆணின் ராஜ்ஜியம். மணலில் முட்டிய நிமிஷத்திலிருந்து மீன், விலை, வலை, கடன், சண்டை எல்லாம் பெண்ணைச் சேர்ந்தது. ஆணின் கால்கூட அவளைச் சேர்ந்ததுதான். தோல் பூட்ஸ் நனையக் கூடாது என்று மனைவிமார் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிப் புருஷனை முதுகில் சுமந்து வந்து உலர்ந்த மணலில் இறக்குவார்கள். வுல்மேரை அப்படி இறக்கிவிட்டதும் பெரோன் பேச ஆரம்பிப்பாள். மறுபடி படகு ஏறும்வரை அவனுக்குக் காதுக்கு மட்டும்தான் வேலை.

எதிர்க்கரையில் இங்கிலீஷ்காரர்கள். இரண்டு நாட்டு ராஜாக்களும் தாத்தா காலத்திலிருந்து விட்டுவிட்டு அடித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் மீன் பிடிக்கிறவர்களுக்கு ஒரு ஏற்பாடு இருந்தது. பாய்மர உச்சியில் மீன்கூடையைக் கட்டி ஏற்றிவிட்டால் அந்தப் படகை எந்த நாட்டுப் போர்க்கப்பலும் தொடாது. கூடை ஏற்றியவனும் யாரையும் தொடக் கூடாது. எந்த மந்திரியும் உட்கார்ந்து எழுதாத ஒப்பந்தம் என்பதாலோ என்னவோ, அது மட்டும் உடையாமல் இருந்தது.

பிறகு புரட்சி வந்தது. பாரிஸ்காரர்கள் ராஜாவின் தலையை வெட்டிய சூட்டோடு இங்கிலாந்தின் மேல் சண்டையும் அறிவித்தார்கள். லெ போர்த்தெல் கோயிலைப் பூட்டி, மணியை இறக்கிப் பீரங்கி வார்க்க எடுத்துப்போனார்கள். ஏழு நாள் வாரத்தைப் பத்து நாளாக நீட்டினார்கள். எல்லாரும் குடிமக்கள், எல்லாரும் சமம் என்றார்கள். வுல்மேரின் படகுக்கு ‘அடைக்கல மாதா’ என்று பெயர். அதை அழித்துவிட்டு ‘சமத்துவம்’ என்று எழுத ஒரு ஆள் தார்ச்சட்டியோடு வந்தான்.

“எழுது, எழுது. மாதா இருந்தப்பவே ரெண்டு இடத்துல ஒழுகிச்சு. சமத்துவம் வந்தா எல்லா இடத்துலயும் ஒழுகும்” என்றாள் பெரோன்.

எழுதுகிறவன் சிரித்துவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டான். அந்தக் காலத்தில் சிரித்தவர்கள் எல்லாரும் அப்படித் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்தப் பகுதிக்குக் கண்காணிப்புக் குழுத் தலைவராக வந்தவர் குடிமகன் புரூட்டஸ் மோர்லே. புரூட்டஸ் என்பது, சர்வாதிகாரியைக் குத்திக் கொன்ற பழங்காலத்து ஆளின் நினைவாக அவரே வைத்துக்கொண்ட பெயர். அதற்கு முன் பூலோனில் பெரிய மனிதர்களுக்கு டோப்பா செய்து கொடுத்துக்கொண்டிருந்தார். டோப்பா வைக்கிறவன் துரோகி என்று ஆனதும் தொழில் படுத்துவிட்டது. தலைக்கு மேல் வைக்கிற வேலை போனதும், தலையையே கவனிக்கிற வேலைக்கு வந்துவிட்டார். பார்த்தால் கெட்டவராகத் தெரியமாட்டார். பயந்த மனிதர். பயந்தவர்கள் கையில் அதிகாரம் கிடைத்தால் என்ன ஆகும் என்பதை அந்த வருஷம் நாடே பார்த்துக்கொண்டிருந்தது.

வசந்தத்தில் கானாங்கெளுத்தி மீன் வர ஆரம்பித்த சமயம் மோர்லே வுல்மேரைக் கூப்பிட்டனுப்பினார். பூட்டிய கோயில்தான் குழுவின் அலுவலகம். பெரோனும் கூடவே போனாள். கூப்பிட்டது அவளை இல்லை, ஆனால் விசாரணை கரையில் நடக்கிறதே.

“குடிமகன் வுல்மேர், நீ கடல்ல இங்கிலீஷ்காரனோட புகையிலை மாத்திக்கிறதா புகார் வந்திருக்கு. சண்டை ஆரம்பிச்சு ஒரு வருஷம் ஆச்சு. தினமும் எதிரிய பாக்குறீங்க. ஒருத்தனையாவது பிடிச்சீங்களா?”

வுல்மேர் கையிலிருந்த தொப்பியைப் பார்த்தான்.

“வாயில என்ன கொழுக்கட்டையா?”

“கரையில அவரு பேசமாட்டாருய்யா. எதுன்னாலும் எங்கிட்ட கேளுங்க” என்றாள் பெரோன்.

“ஐயா இல்ல. குடிமகன்.”

“சரி குடிமகனே. மீன் பிடிக்கப் போறவன் மீனப் பிடிப்பான். இங்கிலீஷ்காரனப் பிடிச்சு சந்தையில வச்சா யாரு வாங்குவா?”

மோர்லே சிரிக்கவில்லை. “அராஸ்ல போன வாரம் ஒரு மீன்காரன் இப்படித்தான் தமாஷா பேசினான், குடிமகளே. அவன் பொண்டாட்டி இப்ப தனியா இருக்கா” என்றார். அராஸ் ஊரின் சதுக்கத்தில் கழுத்து வெட்டுகிற எந்திரம் ஓய்வில்லாமல் வேலை செய்துகொண்டிருந்தது எல்லாருக்கும் தெரியும். மோர்லே மேசைமேல் கிடந்த பேனாவை எடுத்தார்.

 பெரோனுக்குப் பயம் வந்தால் மற்றவர்களைப் போல நாக்கு ஒட்டிக்கொள்ளாது. இன்னும் வேகமாக ஓடும்.

“எம் புருசன் சும்மா இருக்காருன்னா நினைச்சீங்க? சமயம் பாத்துக்கிட்டிருக்காரு! இந்தக் கானாங்கெளுத்தி ஓயுறதுக்குள்ள ஒரு இங்கிலீஷ் படக, ஆளோட சேத்துப் பிடிச்சு, இந்தக் கரையில கொண்டாந்து கட்டுவாரு. நீங்களே நின்னு பாருங்க!”

மோர்லே பேனாவை வைத்துவிட்டார். அவருக்கும் மேலே ஒரு குழு இருந்தது, அதுவும் அவரை என்ன செய்தாய் என்று கேட்டுக்கொண்டிருந்தது. எழுந்து வந்து வுல்மேரைக் கட்டிக்கொண்டு இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் வுல்மேர் கரையில் பேசினான்.

“என்னடி செஞ்ச?”

“உம்ம தலையக் காப்பாத்துனேன்.”

“என் கூடைய வித்துட்டியே.”

அவ்வளவுதான் பேசினான். பெரோனுக்குச் சுருக்கென்றது. ஆனால் தலை இருந்தால்தானே கூடை என்று தேற்றிக்கொண்டு, வீடு போய்ச் சேர்வதற்குள் ஒரு யோசனையையும் கண்டுபிடித்துவிட்டாள்.

எதிர்க்கரை ஹேஸ்டிங்ஸில் ஜோப் டாப்செல் என்று ஒருவன். வுல்மேரும் அவனும் பக்கத்துப் பக்கத்தில் வலை விட்டுப் பழகியவர்கள். ஒருவன் பிராந்தி கொடுப்பான், மற்றவன் புகையிலை கொடுப்பான். இரண்டு பாஷையும் கலந்து ஒரு பாஷையைத் தாங்களே உண்டாக்கியிருந்தார்கள். அவனையே பிடித்தால் என்ன என்றாள் பெரோன். “நெசமாவா பிடிக்கப் போறோம்? நாடகந்தானே. கொஞ்ச நாள் வச்சிருந்துட்டு ஒரு ராத்திரி படகோட அனுப்பிவிட்டுரலாம்.”

மறுநாள் வுல்மேர் கடலிலிருந்து வந்து, “சரின்னுட்டான்” என்று மட்டும் சொன்னான். மீதியைக் கானாங்கெளுத்தி வயிற்றிலிருந்து குடல் எடுப்பதுபோல அவள்தான் இழுத்து எடுத்தாள். ஹேஸ்டிங்ஸில் கடற்படைக்கு ஆள் போதாமல், தெருவில் போகிற மீனவர்களை அடித்து இழுத்துப்போய்ப் போர்க்கப்பலில் ஏற்றிக்கொண்டிருந்தார்களாம். ஜோப்புக்கு ஒரு கைக்குழந்தை. போர்க்கப்பலில் போனவன் திரும்புவதில்லை. பிரெஞ்சுக்காரனிடம் கைதியாக இருந்தால் சொந்த ராஜாவின் ஆட்கள் பிடிக்க முடியாதல்லவா? ஆள்பிடிப்பு ஓயும்வரை தலைமறைவாக இருக்க இதைவிட நல்ல இடம் இல்லை என்று சிரித்தானாம். தன் படகு எப்படியும் ஓட்டைதான், போனாலும் நஷ்டமில்லை என்றானாம்.

நாடகத்தன்று மோர்லே தூரதர்சினிக் குழலோடு பாறை முனைக்கு வந்து நின்றார். ஊரே கூடிவிட்டது. பெரோன் பக்கத்திலேயே நின்று நேர்முக வர்ணனை செய்தாள்.

“அந்தா, பாருங்க, எம் புருசன் நெருங்கிட்டாரு! துப்பாக்கிய எடுத்துட்டாரு!”

துப்பாக்கி அவள் பாட்டன் காலத்தது. இரண்டாவது தடவைதான் வெடித்தது. ஜோப் தனியாகத்தான் வந்திருந்தான். கூட வேலை செய்யும் இருவரை ஏதோ சாக்குச் சொல்லிக் கரையில் விட்டுவிட்டான். வெடிச் சத்தம் கேட்டதும் இரண்டு கையையும் தூக்கினான், நெஞ்சைப் பிடித்துக்கொண்டான், மண்டியிட்டான், எழுந்தான், மறுபடி மண்டியிட்டான்.

“ரொம்ப ஆக்ரோஷமா எதிர்க்கிறானே” என்றார் மோர்லே குழலை வைத்தபடி.

“இங்கிலீஷ்காரன் இல்லையா, லேசுல விடுவானா?” என்றாள் பெரோன்.

அப்போதுதான் அவள் கண் பாய்மர உச்சிக்குப் போனது. வுல்மேரின் மரத்தில் கூடை ஆடிக்கொண்டிருந்தது. துப்பாக்கி, கூச்சல், மூவர்ணக்கொடி எல்லாம் யோசித்தவர்கள், கூடையை இறக்க யோசிக்கவில்லை. அது அங்கே இல்லாத நாளை யாரும் பார்த்ததில்லை, தன் மூக்கைத் தானே பார்க்காத மாதிரி. கொஞ்ச தூரத்தில் வேறு நாலைந்து இங்கிலீஷ் படகுகள் வலை விட்டிருந்தன. அவர்களுக்கு நாடகம் தெரியாது. கூடை ஏற்றிய ஒரு பிரெஞ்சுக்காரன், கூடை ஏற்றிய ஒரு இங்கிலீஷ்காரனைத் துப்பாக்கியால் சுட்டுப் பிடிக்கிறான், அவ்வளவுதான் அவர்கள் பார்த்தது. அவசரமாக வலையை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பாறை முனையில் ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மோர்லே மட்டும் தொப்பியை எறிந்து குடியரசை வாழ்த்தினார்.

படகு கரைக்கு வந்தது. பெரோன் பாவாடையைச் சொருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, முதலில் வுல்மேரைச் சுமந்து வந்தாள். பிறகு போய் ஜோப்பைச் சுமந்து வந்தாள். தன் புருஷன் படகில் வந்தவன் யாராக இருந்தாலும் அதுதான் முறை.

“எதிரிய முதுகுல சுமக்குறதா!” என்று பதறினார் மோர்லே.

“கால் நனைஞ்சா சளி பிடிக்கும் குடிமகனே. கைதிக்குக் கசாயம் யாரு வச்சுக் குடுப்பா, குடியரசா?”

ஜோப் அவள் காதருகே மெதுவாக, “மதினி, நல்லா நடிச்சேனா?” என்றான்.

“கொஞ்சம் கூடிப்போச்சு. வாய மூடிக்கிட்டு வா.”

கைதியை எங்கே அடைப்பது என்ற கேள்வி வந்தது. பூலோன் சிறை நிரம்பி வழிந்தது. பாதிரியார், ரொட்டிக் கடைக்காரர், மோர்லேயின் பழைய வாடிக்கைக்காரர்கள் என்று சொந்த நாட்டு ஜனங்களே ஒருவர்மேல் ஒருவர் கிடந்தார்கள். எதிரிக்கு இடமில்லை. கடைசியில் பிடித்தவன் வீட்டிலேயே கைதி இருக்கட்டும் என்று தீர்மானமாயிற்று. கைதி தப்பினால் வீட்டுக்காரி தலை பதில் சொல்லும் என்றும் தீர்மானமாயிற்று. ஜோப்பின் ஓட்டைப் படகைப் பூலோனுக்கு இழுத்துப்போய் சதுக்கத்தில் வெற்றிச் சின்னமாக நிறுத்தினார்கள். அடுத்த குளிருக்குள் குடிமக்கள் அதைப் பலகை பலகையாக அடுப்புக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஆக, தப்பிப் போகப் படகும் இல்லை, தப்ப விடத் தலையும் இல்லை.

அதோடு விட்டதா? வெற்றி கண்ட மோர்லேக்கு ஆசை வளர்ந்தது. வுல்மேரின் படகுக்கு ஒரு சின்னப் பீரங்கியை அனுப்பினார். இனி அது மீன் படகு இல்லையாம், குடியரசின் சண்டைப்படகாம். வுல்மேர் அதன் தலைவனாம். பீரங்கியை வைத்த இடத்தில் வலை வைக்க இடமில்லை. கூட வந்த ஆட்கள் இனி வரமாட்டோம் என்றார்கள். மோர்லே இரண்டு சிப்பாய்களை அனுப்பினார். மலைநாட்டுப் பையன்கள். படகு நகரும் முன்பே வாந்தி எடுத்தார்கள்.

ஊரில் பெண்கள் பெரோனோடு பேச்சை நிறுத்தினார்கள். இங்கிலீஷ் போர்க்கப்பல்கள் இப்போது கூடையைப் பார்த்தும் நெருங்கி வருகின்றன, ஆண்கள் கரையை விட்டு ஆழத்துக்குப் போகப் பயப்படுகிறார்கள். சந்தையில் கொலெத் என்கிறவள் நேருக்கு நேராகவே கேட்டுவிட்டாள்.

“ஏ பெரோன், உம் புருசன் தலையக் காப்பாத்திட்ட. எம் புருசன் வலைய யாரு காப்பாத்துவா?”

பெரோன் அன்றைக்கு விலை கூவாமலே மீனை விற்றுவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

மறுநாள் காலை வுல்மேர் படகில் ஏறி, பாய்மரக் கயிற்றை அவிழ்த்து, கூடையை இறக்கினான். அதைக் கொண்டுவந்து அவள் காலடியில் வைத்தான். இனி அதை ஏற்றத் தனக்கு உரிமை இல்லை என்று நினைத்திருக்க வேண்டும்.  “நீரு கரையோரமாவே சுத்தும். யாரயும் சுடாதயும்” என்று மட்டும் சொன்னாள். அவன் யாரையும் சுடவில்லை. பீரங்கிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தூண்டில்தான் போட்டுக்கொண்டிருந்தான். அப்படியே ஒரு இங்கிலீஷ் போர்க்கப்பல் வந்து அவனையும் இரண்டு சிப்பாய்களையும் பிடித்துக்கொண்டு போய்விட்டது.

அதற்குப் பிறகு மாதம்கூட ஆகவில்லை, பாரிஸில் தலை வெட்டச் சொன்னவர்கள் தலையையே வெட்டிவிட்டார்கள். அராஸில் எந்திரம் நின்றது. சிறைகள் திறந்தன, ஆனால் இங்கிலாந்தோடு சண்டை நிற்காததால் போர்க்கைதிகள் மட்டும் கைதிகளாகவே இருந்தார்கள். மோர்லே சிவப்புத் தொப்பியைக் கழற்றிவிட்டு, புரூட்டஸை விட்டுவிட்டு, பழையபடி கடையில் டோப்பா சீவ உட்கார்ந்தார். இன்னும் கொஞ்ச நாள் வாயை அடக்கியிருந்தால் தன் புருஷன் இப்போது கடலில் வலை விட்டுக்கொண்டிருப்பான் என்று பெரோன் நினைக்காத நாள் இல்லை. நினைத்து நினைத்து வயிறு எரிந்தாள். வேறு யாரும் கிடைக்காததால் ஜோப்பைத் திட்டினாள்.

ஜோப் பொறுத்துக்கொண்டான். கிழிந்த வலையைப் பொத்தினான், விறகு பிளந்தான், மீன் அறுத்தான். அறுக்கத் தெரியாமல் அறுத்து, முன்னங்கையில் நீளமாக வெட்டுக் காயம் வாங்கிக்கொண்டான். அவள்தான் பிராந்தி ஊற்றிக் கட்டுப்போட்டாள்.

“மதினி, எம் பொண்ணு இப்ப நடக்க ஆரம்பிச்சிருப்பா” என்பான் திடீரென்று.

“நடக்கட்டும். நடந்து எங்க போகப் போவுது? கடல்தானே நடுவுல.” இப்படிச் சொல்லிவிட்டு, சூப்பில் அவனுக்கு இன்னொரு துண்டு மீனைப் போடுவாள். அந்தத் துண்டு யாருக்குரியது என்பது இருவருக்கும் தெரியும்.

குளிர்காலத்தில் இரண்டு சிப்பாய்களும் திரும்பி வந்தார்கள். கைதிகளை மாற்றிக்கொள்ள ஆரம்பித்திருந்தார்கள். சிப்பாய்க்குச் சிப்பாய் சுலபமாக மாறிவிடுகிறதாம். வுல்மேர் ஒரு பழைய கப்பலின் அடித்தட்டில் இருக்கிறான், இருமுகிறான், உயிரோடு இருக்கிறான் என்றார்கள்.

“அவர ஏன் விடல?”

“அவரு சண்டைப்படகுத் தலைவர்லா அம்மா. கூடை ஏத்திக்கிட்டே படகு பிடிச்ச பெரிய எமகாதகன்னு அங்க பேரு. அவருக்கு ஈடா மாத்த அந்தத் தரத்துல இங்க இங்கிலீஷ் கைதி யாரும் இல்லையாம். வெறும் மீன்காரன்னா என்னைக்கோ விட்டிருப்பாங்க.”

பெரோன் அன்றைக்கே பூலோனுக்கு நடந்து, மோர்லேயின் கடைக்குப் போனாள். என் புருஷன் வீரன் இல்லை, அது வெறும் நாடகம், நீங்கள் ஒரு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டாள். மோர்லே கையிலிருந்த டோப்பாவை மடியில் வைத்துக்கொண்டார்.

“நான் கண்ணால பாத்தேன் பெரோன்.”

“நீங்க பாத்ததே பொய்ங்கிறேன்.”

“அந்தப் பதவியில இருந்து நான் செஞ்சதுல, யாரும் சாகாத காரியம் அது ஒண்ணுதான். அதையும் பொய்னு எழுதச் சொல்றியா?”

அவர் அழுதார். அவரைப் பார்த்துப் பாவப்பட்டதற்காகப் பெரோனுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. எழுந்து வந்துவிட்டாள்.

வசந்தத்தில் வெள்ளைக்கொடி கட்டிய இங்கிலீஷ் கப்பல் ஒன்று கைதி மாற்றத்துக்குப் பூலோன் துறைக்கு வந்தது. ஜோப்பின் பெயரும் கூப்பிடப்பட்டது. பெரோன் அவனுக்கு ரொட்டியும் உப்புக்கண்டமும் கட்டிக்கொடுத்து, கப்பல் வரை கூடவே போனாள். மேல்தட்டில் மேசை போட்டு ஒரு கடற்படை அதிகாரி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் துபாஷி. அதிகாரி மரியாதையானவர். அவளுக்கு ஒரு நாற்காலி போடச் சொன்னார்.

“நீ வுல்மேரின் மனைவியா? நல்லதாப் போச்சு. உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்” என்று துபாஷி மொழிபெயர்த்தான். “இந்த ஜோப் டாப்செல் மேல அவன் ஊரிலிருந்தே ஒரு பிராது. அன்னைக்கு ஏன் தனியாப் போனான், ஏன் ஓடப் பார்க்கல, படகோட தன்னை எதிரிக்கு வித்துட்டானான்னு கேக்குறாங்க. நீ கரையில நின்னு பாத்தவள். அந்தச் சண்டை நெசமா, நாடகமா?”

பெரோனுக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. கடைசியில் ஒருவர் சரியான கேள்வியைக் கேட்டுவிட்டார்.

“நாடகம்னா எம் புருசன் கதை என்ன?”

“நாடகம்னா உன் புருஷன் சண்டைக்காரன் இல்ல, மீன்காரன். இந்தக் கப்பல் திரும்பிப் போனதும் அவனை விட்டுடலாம்.”

“இவன் கதை?”

அதிகாரி ஜோப்பைப் பார்த்தார். பிறகு துபாஷியிடம் ஏதோ சொன்னார். துபாஷி அதை மொழிபெயர்க்காமல், தன் கழுத்துக்குட்டையைச் சரிசெய்துகொண்டான். ஜோப்புக்குத் தூக்குக் கயிறு என்று பெரோனுக்கு விளங்கிவிட்டது.

ஜோப்பின் முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் துபாஷிக்குப் புரியாதபடி, தானும் வுல்மேரும் கடலில் உண்டாக்கிய அந்தக் கலப்புப் பாஷையில் சொன்னான், “சொல்லிரு மதினி. அண்ணன் இருமுறாருன்னு சொன்னாங்கல்ல. சொல்லிரு.”

சொல்ல எத்தனை நாளாகக் காத்திருந்தாள். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நாடகம் என்று ஒரு வார்த்தை. வுல்மேர் கோடைக்குள் வீட்டில் இருப்பான். இருமலுக்குக் கசாயம் வைத்துக் கொடுக்கலாம். கொலெத் முகத்தில் விழிக்கலாம். இந்த இங்கிலீஷ்காரன் யார், தன் கூடப்பிறந்தவனா? ஆனால் இவனை முதுகில் சுமந்து கரையில் இறக்கியவள் அவள்தான். அவள் வாயால்தான் இவன் இந்த மேசைக்கு முன்னால் நிற்கிறான். அந்தக் கைக்குழந்தை வேறு, நடக்க ஆரம்பித்த சனியன், அவள் கண்ணுக்குள்ளேயே தத்தித்தத்தி நடந்துகொண்டிருந்தது. பெரோன் மனதுக்குள் வுல்மேரிடம் மன்னிப்புக் கேட்டாள். பிறகு நாற்காலியை விட்டு எழுந்தாள்.

“நாடகமா? யாருய்யா நாடகம்னு சொன்னது! எம் புருசன் லேசுப்பட்ட ஆளா? அந்தக் கடல்ல அவரு பேரக் கேட்டா மீனே ஓடும்! இந்த மனுசன் என்ன பாடுபட்டான் தெரியுமா? கையில துடுப்ப வச்சுக்கிட்டு மல்லுக்கட்டினான். விழுந்தான், எழுந்தான், திரும்ப விழுந்தான், ஊரே நின்னு பாத்துச்சு. எம் புருசன் கத்திய எடுத்து வீசினதுக்கப்புறம்தான் அடங்கினான். நம்பலைன்னா இந்தா பாருங்க!” என்று ஜோப்பின் சட்டைக்கையைச் சரேலென்று மேலே தள்ளி, மீன் அறுக்கையில் பட்ட தழும்பைக் காட்டினாள். “எலும்பு தெரிஞ்சுது. நான்தான் கட்டுப்போட்டேன்.”

ஜோப் வாய் திறக்கப் போனான். அவள் அவன் காலை மிதித்தாள்.

அதிகாரி தழும்பைக் குனிந்து பார்த்தார். திருப்தியாகத் தலையசைத்துவிட்டு எழுதிக்கொண்டார். ஜோப் ராஜ விசுவாசி என்றும், வீரத்தோடு எதிர்த்தவன் என்றும் எழுதியதாகத் துபாஷி சொன்னான்.

“உன் புருஷன்கிட்டயும் போன மாசம் இதையே கேட்டோம்” என்றான் துபாஷி, அதிகாரி சொல்வதைக் கேட்டுக்கொண்டு. “நாடகம்னு ஒத்துக்கிட்டா அன்னைக்கே விட்டுடறோம்னும் சொன்னோம். அவன் ஒத்துக்கல. ‘நான் மீன்காரன் இல்ல, அவனை அடிச்சுத்தான் பிடிச்சேன்’னு சாதிச்சிருக்கான். நீ சொல்றதும் அதோட பொருந்துது. சண்டை முடியும்வரை அவன் அங்கேதான் இருக்கணும். வருத்தம்தான்.”

பெரோன் மறுபடியும் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஜோப் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

“வாயே திறக்காத மனுசன்” என்றாள் அவள், யாரிடம் என்று இல்லாமல். “கட்டின நாள்லேருந்து ஒரு பேச்சு பேசினதில்ல. பாவி, பேசினது இது ஒண்ணு.” கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்தது, அவள் துடைக்கவில்லை. அதிகாரி எதிரியின் மனைவி முன்னால் என்ன செய்வதென்று தெரியாமல் காகிதங்களை அடுக்கினார்.

கிளம்பும்போது அவள் துபாஷியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அவரப் பாக்குறவங்க யாராவது போனா ஒண்ணு சொல்லச் சொல்லுங்க. பெரோன் சொன்னான்னு சொல்லுங்க. அவரு நெசமாவே வீரன்தான்னு சொல்லுங்க.”

துபாஷி அதை இங்கிலீஷில் சொன்னான். இவ்வளவு நேரமும் இவள் இதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள் என்பதுபோல அதிகாரி அவளைப் பார்த்துவிட்டு, அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.